‘புரியவில்லை’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதப் பழக்குகிறேன். அவர்களிடமிருந்து வருகிற கேள்விகளில் நிறைய இந்த ஒரே கூட்டத்தைப் பற்றித்தான்: வேக், ஆம்பிகுவஸ், அப்ஸ்க்யூர், ஓபேக், க்ரிப்டிக். அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ‘தெளிவற்ற’ என்றே போட்டிருக்கிறது, பிறகு எதை எங்கே எழுதுவது? அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், உச்சரிப்பில் சிக்கலானவற்றுக்குக் கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ‘நாட் கிளியர்’ என்று சொல்லிவிட்டால் என்ன குறை?

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரால் எதையும் சரிசெய்ய முடியாது. ஒரு மெயிலுக்கு ‘நாட் கிளியர்’ என்று மட்டும் பதில் போட்டால், அனுப்பியவர் அதே விஷயத்தை இன்னும் நீளமாக்கி மறுபடி அனுப்புவார், நமக்கு மறுபடியும் புரியாது. ‘இந்த வரி ஆம்பிகுவஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பொருள் வருகிறது, எது என்று சொல்ல வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘வேக்’ என்றால் விவரம் சேர்க்க வேண்டும். ‘இல்லெஜிபிள்’ என்றால் எழுத்தே தெரியவில்லை, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். மூன்றும் வேறு வேறு வேலை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. ஒரு பத்தி புரியவில்லை என்றால் நம் பிள்ளைகள், அதுவும் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், ‘என் இங்கிலீஷ் சரியில்லை’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறைய சமயம் குறை எழுதினவரிடம்தான் இருக்கிறது. அந்தக் குறைக்கு என்ன பெயர் என்று தெரிந்துவிட்டால், தலையைக் குனிந்துகொள்ளாமல் ‘இந்த இடம் இப்படி இருக்கிறது’ என்று காட்டிப் பேச முடியும். இந்தச் சொற்களை நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லித்தருவது அதற்காகத்தான்.

வேக், ஆம்பிகுவஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதிப் பாதி தானாக வந்துவிடும்.

‘வேக்’ என்றால் நாம் பொத்தாம் பொதுவாக என்று சொல்வோமே, அதுதான். ஒரே பொருள்தான், ஆனால் அதற்கு எல்லை இல்லை. ‘எங்கே இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘பக்கத்துலதான் சார், வந்துட்டேன்’ என்று பதில் வருகிறது. அது அடுத்த தெருவாகவும் இருக்கலாம், தாம்பரமாகவும் இருக்கலாம். ‘ஆம்பிகுவஸ்’ அப்படி இல்லை, அதில் இரண்டோ மூன்றோ தெளிவான பொருள்கள் இருக்கும், எது என்பதுதான் தெரியாது. ‘பழைய புத்தகக் கடை’ என்று எழுதினால் பழையது புத்தகமா கடையா? இரண்டுமே நல்ல அர்த்தம்தான், ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்தத் தொடருக்குள் வழி இல்லை. ஆபீஸில் அடிக்கடி வருகிற உதாரணம் ‘பைவீக்லி மீட்டிங்’. வாரத்துக்கு இரண்டு முறை என்றும் அகராதியில் இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் இருக்கிறது. எழுதியவரைக் கேட்டால் ஒழியத் தெரியாது.

இதை மிக அழகாகக் காட்டுகிற ஒரு இடம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 29ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கூடவே உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் ‘நூறு டன் எண்ணெய்’ விற்க ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று எங்கேயும் இல்லை. இது வேக். இன்னொருவர் தன் வெள்ளைக் குதிரையை ‘ஐந்நூறு ரூபாய்க்கு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு’ விற்க ஒப்புக்கொள்கிறார். இரண்டு விலையும் துல்லியமாக இருக்கிறது, எந்த விலை என்பதுதான் இல்லை. இது ஆம்பிகுவஸ். இரண்டும் செல்லாது. எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது உதாரணம்: விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே வியாபாரம் செய்கிறவர் என்றால் அதே ‘நூறு டன் எண்ணெய்’ ஒப்பந்தம் செல்லும், ஏனென்றால் அவருடைய தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது. சொல் மாறவில்லை, சூழல்தான் மாறியது. அதனால் ஒரு வாக்கியம் வேக் என்று சொல்வதற்கு முன் யார், யாரிடம், எங்கே சொன்னார் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நீதிமன்றம் வரைக்கும் போகிற விஷயமா இது?

போயிருக்கிறது. இணையத்தில் சிலவகைச் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ போன்ற சொற்களுக்கு எல்லையே வகுக்காமல் அவற்றைக் குற்றத்துக்கு அடிப்படையாக வைத்திருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. எனக்கு எரிச்சல் தருவது உங்களுக்குத் தராமல் போகலாம், அப்புறம் எது குற்றம் என்று ஒருவர் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வார்? இதைத்தான் வேக்னஸ் என்கிறார்கள்.

காப்பீட்டில் இன்னொரு விதி உண்டு. பாலிசியில் ஒரு வரி ஆம்பிகுவஸாக இருந்து வேறு வழியில் தீர்க்க முடியவில்லை என்றால், அதை எழுதிய நிறுவனத்துக்குப் பாதகமாகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும் பொருள் கொள்வார்கள். எழுதியவருக்குத்தான் தெளிவாக எழுதும் பொறுப்பு என்பது அதில் இருக்கிற நியாயம். க்ளெய்ம் மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ‘நாட் கிளியர்’ என்று எழுதாமல் ‘ஆம்பிகுவஸ்’ என்று எழுதி, இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டுங்கள்.

ஈக்விவோக்கல் என்றால்?

மழுப்பல். ஆம்பிகுவஸ் தெரியாமல் நேரலாம், ஈக்விவோக்கல் என்றால் இரண்டு பக்கமும் பேசுகிற வாடை வரும், ‘ஈக்விவோகேட்’ என்று வினையாக்கிவிட்டால் வேண்டுமென்றே மழுப்புவதுதான். ‘அன்ஈக்விவோக்கல்’ என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வது. மருத்துவ அறிக்கையில் மட்டும் பார்த்துப் படியுங்கள், அங்கே ஈக்விவோக்கல் என்றால் பரிசோதனை முடிவு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று அர்த்தம், யாரும் எதையும் மறைக்கவில்லை.

அப்ஸ்க்யூர் என்றால் புரியாததா, பிரபலமில்லாததா?

இரண்டும்தான். லத்தீன் மூலத்துக்கு இருண்டது என்று பொருள். வெளிச்சம் படாத ஊர், பெயர் தெரியாத எழுத்தாளர், யாரும் படிக்காத அரசாணை எல்லாம் அப்ஸ்க்யூர். அவற்றைத் தேடிப் போய்ப் பார்த்தால் புரிவதில் சிரமம் ஒன்றும் இருக்காது. ‘ரீசன்ஸ் ஆர் அப்ஸ்க்யூர்’ என்றால்தான் காரணம் விளங்கவில்லை என்று அர்த்தம். இது வினைச்சொல்லாகவும் வரும்: மேம்பாலம் கட்டியபிறகு கோபுரம் தெரியவில்லை என்றால் பாலம் கோபுரத்தை அப்ஸ்க்யூர் செய்கிறது.

ஓபேக்?

ஒளி ஊடுருவாதது. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி மங்கலாகவாவது வெளிச்சத்தை விடும், அது டிரான்ஸ்லூசென்ட், மரக்கதவு ஓபேக். இன்றைக்கு இந்தச் சொல் அதிகம் வருவது நிர்வாகம், டெண்டர், அல்காரிதம் பற்றிய செய்திகளில்தான். முடிவு வெளியே வருகிறது, எப்படி எடுத்தார்கள் என்று உள்ளே பார்க்க வழியில்லை. கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம் சொல்லவில்லை என்றால் அந்த நடைமுறை ஓபேக். டிரான்ஸ்பரன்சி என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஒட்டி நாம் பேசுகிறோமே, அதற்கு நேர் எதிர்.

க்ரிப்டிக், எனிக்மாட்டிக், இன்ஸ்க்ரூட்டபிள் – மூன்றும் மர்மம்தானே?

மர்மம்தான், ஆனால் இருக்கிற இடம் வேறு.

க்ரிப்டிக் என்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பூடகம். கிரேக்க மூலத்துக்கு மறைத்து வைத்தது என்று அர்த்தம், க்ரிப்டோகரன்சியில் இருப்பதும் அதே வேர். முக்கியமான விஷயம், க்ரிப்டிக் என்றால் உள்ளே ஒரு பொருள் நிச்சயம் இருக்கிறது, சாவி கிடைத்தால் திறக்கும். சென்னையில் இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் 1878 முதல் இங்கிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழின் குறுக்கெழுத்தைக் காலை காபியோடு போட்டுப் பழகிய குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வகைக் குறுக்கெழுத்துக்கே க்ரிப்டிக் என்றுதான் பெயர். குறிப்பின் மேலோட்டமான அர்த்தம் ஒரு பக்கம் இழுக்கும். உண்மையில் அதன் ஒரு பகுதி விடைக்கான பொருளைச் சொல்லும், மீதி எழுத்துக்களை எப்படிக் கலைத்து அடுக்குவது என்று சொல்லும். விடை வந்ததும் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருந்தது என்று தெரியும். மேலாளர் நள்ளிரவில் ‘நாளைக்குப் பேசலாம்’ என்று மட்டும் செய்தி அனுப்பினால் அதுவும் க்ரிப்டிக்தான்.

எனிக்மா என்றால் புதிர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய சங்கேத இயந்திரத்துக்கு இந்தப் பெயர் இருந்ததும் சும்மா இல்லை. மனிதர்களுக்குச் சொல்லும்போது எனிக்மாட்டிக் என்பதில் கொஞ்சம் ஈர்ப்பும் இருக்கும், இவர் யார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். இன்ஸ்க்ரூட்டபிள் பெரும்பாலும் முகத்துக்கு: எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே ஓடுவது தெரியாத முகம். வெள்ளைக்காரர்கள் ஆசிய மக்களைப் பற்றி இந்தச் சொல்லை எழுதிய காலம் ஒன்று உண்டு, அதனால் ஓர் இனத்தையோ நாட்டையோ குறித்து இதை எழுதாதீர்கள்.

அப்ஸ்ட்ரூஸ், ரெக்கண்டைட், ஆர்கேன், எசோடெரிக் – இவை வெறும் தேர்வுச் சொற்கள்தானே?

ரெக்கண்டைட் கிட்டத்தட்ட அப்படித்தான், மற்ற மூன்றும் நாளிதழிலேயே வரும். இந்த நான்கிலும் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, விஷயமே ஆழமானது அல்லது சிலருக்கு மட்டும் பழக்கமானது.

அப்ஸ்ட்ரூஸுக்கு நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் ஆங்கிலம் மிக எளிமை. தான் யார், எவ்வளவு சம்பளம், எவ்வளவு படிப்பு என்று நேராகச் சொல்கிறார். கூட வைத்த தேற்றங்கள்தான் அப்ஸ்ட்ரூஸ், அதில் சிலவற்றைப் போன்ற எதையும் தான் அதுவரை பார்த்ததே இல்லை என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார். நடை தெளிவாக இருந்தும் விஷயம் கடினமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ‘அப்ஸ்க்யூர்’ எழுத்து என்று அதைச் சொன்னால் அநியாயம்.

ஆர்கேன் என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்தது என்ற லத்தீன் பொருளில் இருந்து வந்தது, இப்போது பழைய விதிமுறைகளுக்கும் நடைமுறைகளுக்கும் அதிகம் பயன்படுகிறது. வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கிரவுண்டு என்று வரிசையாக வருமே, ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி என்பது சென்னைக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு, வெளியூர்க்காரருக்கு அது ஆர்கேன். எசோடெரிக் என்றால் உள்வட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விளங்குவது. மார்கழிக் கச்சேரி முடிந்து கேன்டீனில் நின்று விவாதி ராகங்களைப் பற்றி நடக்கும் பேச்சு எசோடெரிக். அதில் குறை எதுவும் இல்லை, கேட்கப் பிடித்தால் நாமும் வட்டத்துக்குள் போய்விடலாம்.

மர்க்கி, ஹேஸி, டர்பிட், நெபுலஸ்?

நான்கும் தண்ணீரிலும் காற்றிலும் இருந்து வந்தவை. கூவம் மர்க்கி. ஆள் நடத்தையிலும் பண விவகாரத்திலும் மர்க்கி என்றால் உள்ளே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்ற தொனி சேர்ந்தே வரும், பார்த்துப் பயன்படுத்துங்கள். போகி அன்று காலை மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகிற அளவுக்கு ஒரு புகை மூடுமே, அந்த மாதிரி மங்கல்தான் ஹேஸி. நினைவுக்கும் அதைச் சொல்லலாம். நெபுலஸ் மேகம் போல உருவம் பிடிக்காதது, பெரும்பாலும் திட்டங்களுக்கும் யோசனைகளுக்கும்.

டர்பிட் என்றால் கலங்கல். குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் டர்பிடிட்டி என்று ஒரு வரி இருக்கும், இந்தியத் தரநிலையில் அது 1 அலகுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 5 வரை பரவாயில்லை. இதையும் ‘டர்ஜிட்’ என்பதையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். டர்ஜிட் என்றால் வீங்கியது, எழுத்து நடைக்குச் சொன்னால் ஊதிப் பெருக்கிய நடை.

டாக்டர் எழுத்து இல்லெஜிபிளா, அன்இன்டெலிஜிபிளா?

இல்லெஜிபிள். எழுத்தே படிக்க வரவில்லை. இதற்காகவே 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்துச் சீட்டைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று விதியைத் திருத்தியது. அன்இன்டெலிஜிபிள் என்றால் எழுத்தோ ஒலியோ வந்து சேர்கிறது, அர்த்தம் பிடிபடவில்லை. காதிலேயே விழவில்லை என்றால் இன்ஆடிபிள். வீடியோ அழைப்பில் குரல் உடைந்து உடைந்து வந்தால் கார்பிள்ட். இதைப் பிரித்துச் சொன்னால் எதிர்ப்பக்கம் மைக்கைப் பார்க்க வேண்டுமா நெட்டைப் பார்க்க வேண்டுமா என்று தெரியும்.

கான்வொல்யூட்டட் என்பதும் காம்ப்ளிகேட்டட் என்பதும்?

காம்ப்ளிகேட்டட் தவிர்க்க முடியாத சிக்கலாகவும் இருக்கலாம். கான்வொல்யூட்டட் என்றால் சுற்றி வளைத்தது, நேராகச் சொல்லியிருக்கலாம் என்ற குறை உள்ளேயே இருக்கிறது.

வேண்டுமென்றே புரியாமல் எழுதுவதற்குச் சொல் உண்டா?

உண்டு, ஆப்ஃபஸ்கேட். இருட்டாக்குவது என்று மூலப்பொருள். ஓஎம்ஆர் சாலையில் இருக்கிற ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தொழில் சொல், செயலியின் நிரலை (கோட்) மற்றவர்கள் பிரித்துப் படிக்காதபடி பெயர்களை எல்லாம் மாற்றிவிடுவதற்கு ஆப்ஃபஸ்கேஷன் என்றுதான் பெயர், அது நியாயமான பாதுகாப்பு. ஒரு வங்கிப் படிவத்தில் கட்டணத்தை நான்கு உட்பிரிவுகளுக்குள் மறைப்பதும் ஆப்ஃபஸ்கேஷன்தான், அது நியாயமில்லை.

இதன் தம்பி ‘காபில்டிகுக்’. அமெரிக்காவில் டெக்சஸைச் சேர்ந்த மோரி மேவரிக் என்பவர் 1944இல் அரசு அலுவலகங்களின் வீங்கிய மொழியைக் கண்டித்து உருவாக்கிய சொல், வான்கோழி கத்துகிற சத்தத்தில் இருந்து. 2010இல் அதே நாட்டில் அரசு ஆவணங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கிற ஊரிலேயே ஆங்கிலம் புரியவில்லை என்று சட்டம் போட வேண்டியிருந்தது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஐ ஹாவ் எ டவுட்’ சரியா?

இங்கே எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு க்ளையன்ட் காதில் ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்று விழலாம். அவர்களிடம் ‘கொஸ்டின்’ என்றே சொல்லுங்கள். அப்புறம் ‘ஐ ஆம் கன்ஃப்யூசிங்’ என்றால் நான் மற்றவர்களைக் குழப்புகிறேன் என்றாகிவிடும். குழம்பியவர் கன்ஃப்யூஸ்ட், குழப்பும் விஷயம் கன்ஃப்யூசிங். ‘ஆப்டியூஸ்’ என்பதையும் அப்ஸ்க்யூர் என்ற அர்த்தத்தில் போட்டுவிடுகிறார்கள், ஆப்டியூஸ் மந்தமான ஆளைக் குறிக்கும், மெயிலில் தவறிப்போய் எழுதினால் சண்டை வரும்.

பெரியவர் அனுப்பிய மெயில் புரியவில்லை, மரியாதையாக எப்படிக் கேட்பது?

எடைபோடும் சொல்லைத் தவிர்த்துவிட்டு உங்களுக்குத் தோன்றிய இரண்டு பொருளையும் எழுதிவிடுங்கள். ‘வெள்ளிக்குள் என்றால் வெள்ளி காலைக்குள்ளா, அன்று மாலை வரையா’ என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது, பதிலும் ஒரு வரியில் வந்துவிடும். ‘யுவர் மெயில் இஸ் வேக்’ என்று எழுதினால் உண்மையாகவே இருந்தாலும் குத்தும்.

தமிழில் இப்படிப் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறதா?

நன்றாகவே இருக்கிறது, அகராதிக்காரர்கள்தான் ‘தெளிவற்ற’ என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பொத்தாம் பொதுவு, பூடகம், மழுப்பல், கலங்கல், மங்கல், புதிர், சுற்றி வளைப்பு என்று மேலே வந்தவை எல்லாம் வீட்டில் புழங்குகிற சொற்கள். நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பட்டியல் போடும்போது ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறது, இதுவா அதுவா என்று படிப்பவர் தடுமாறும்படி எழுதுவது, அதாவது ஆம்பிகுவஸ். ‘குன்றக் கூறல்’ என்பது தேவையான விவரத்தைக் குறைத்துச் சொல்வது. அதே நன்னூல் அழகுகளின் வரிசையில் ‘விளங்க வைத்தல்’ என்று வைக்கிறது.

ஆனால் இரண்டு பொருள் எப்போதும் குற்றமில்லை. காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்தினார், ‘நஞ்சிருக்கும்’ என்ற ஒரே சொல் பாம்புக்கு விஷம் இருக்கும் என்றும் பழம் நைந்திருக்கும் என்றும் வரும். சிலேடையில் இரண்டு பொருளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் ஒன்றுதான் வேண்டும்.

தேர்வுக்கு எதை முதலில் படிப்பது?

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என்றால் வேக், ஆம்பிகுவஸ், அப்ஸ்க்யூர், ஓபேக், இல்லெஜிபிள் போன்றவற்றை உதாரண வாக்கியத்தோடு படியுங்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ தேர்வில் 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், ஆறு சொற்களில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகை இருக்கிறது, அதில் அப்ஸ்ட்ரூஸும் ரெக்கண்டைட்டும் சேர்ந்து வந்தால் ஜோடியாகப் பொருந்தும், வேக்கும் ஆம்பிகுவஸும் சேர்ந்து வந்தால் யோசியுங்கள். எதிர்ப்பக்கத்தில் லூசிட், லிம்பிட், பெலூசிட் மூன்றும் தெளிவு. பெர்ஸ்பிக்யுவஸ் தெளிவாக இருக்கும் எழுத்துக்கு, பெர்ஸ்பிகேஷஸ் தெளிவாகப் பார்க்கும் ஆளுக்கு. பழைய பட்டியல் புத்தகத்தை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உச்சரிப்பு?

வேக் ஒரே அசை, கடைசியில் ‘மகன்’ என்பதில் வருகிற மெல்லிய க. ஓபேக்கில் இரண்டாவது அசையை அழுத்தி, முடிவில் ‘பக்கம்’ என்பதில் வருகிற வல்லின க். ஆர்கேனிலும் அப்ஸ்ட்ரூஸிலும் இரண்டாவது அசைதான் அழுத்தம். ஆம்பிகுவஸை ஆம்-பி-க்யு-வஸ் என்று நான்காகப் பிரித்து இரண்டாவதை அழுத்துங்கள். இல்லெஜிபிளில் நடுவில் ‘ஜி’, ‘கி’ இல்லை. ரெக்கண்டைட்டை முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள், இரண்டாவதை அழுத்திச் சொல்வதும் சரிதான், யாரும் திருத்த மாட்டார்கள்.